கடற்காற்று வீசும் மொட்டை மாடிக்கு எந்த நாற்காலி?

கேள்வி இதுதான்: திருவான்மியூரில் சொந்த வீடு, கடற்கரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். மேலே 600 சதுர அடி மொட்டை மாடி சும்மா கிடக்கிறது. சாயங்காலம் நாலு பேர் உட்கார்ந்து பேச வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அங்கேயே சாப்பிட வேண்டும், பார்க்கவும் எல்லார் வீட்டையும் போல இல்லாமல் இருக்க வேண்டும். ஏற்கெனவே வாங்கிய பிரம்பு சோபாவும் கூண்டு ஊஞ்சலும் இரண்டே வருடத்தில் பல்லைக் காட்டிவிட்டன. இந்த முறை என்ன வாங்கலாம்?

முதலில் எதுவும் வாங்காதீர்கள். ஒரு வாரம் சாயங்காலம் ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு மேலே போய், மூலைக்கு ஒரு நாளாக உட்கார்ந்து பாருங்கள். இந்த வேலையில் எனக்குப் பதினெட்டு வருடம் ஆகிறது. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் போனில் ஒரு படத்தைக் காட்டி "இதே மாதிரி" என்பார்கள். படம் பெரும்பாலும் கோடை முழுக்க ஒரு சொட்டு மழை விழாத ஏதோ ஒரு நாட்டினுடையது. சென்னைக்கு வருடத்தில் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மீதி நாளெல்லாம் வெயிலும் உப்புக் காற்றும். அந்தப் படத்தில் இருக்கிற மெத்தையும் வெள்ளைத் திரைச்சீலையும் இங்கே ஒரு கார்த்திகை மாதத்தைத் தாண்டாது.

ஸ்டூலோடு சுற்றினால் இரண்டு விஷயம் தெரியவரும். ஒன்று, கைப்பிடிச் சுவர். நம் ஊர் மாடிகளில் அது மூன்றரை, நாலு அடி உயரம் இருக்கும். சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண்ணும் ஏறக்குறைய அதே உயரத்தில்தான் இருக்கும். ஆகவே எவ்வளவு விலை கொடுத்து நாற்காலி வாங்கினாலும் நீங்கள் பார்க்கப் போவது கடலை அல்ல, சுவரின் பூச்சை. இதைத் தவிர்க்கப் பலர் சுவரை ஒட்டி மேடை கட்டி அதன்மேல் இருக்கை போடுகிறார்கள். குழந்தை இருக்கும் வீட்டில் இதைவிட ஆபத்தான யோசனை கிடையாது. நாலடிச் சுவர் இரண்டடிச் சுவராகிவிடும். சுவர் ஓரமாகப் பெஞ்சு, பெரிய தொட்டி, டிரங்குப் பெட்டி என்று ஏறி நிற்க வாகான எதையும் வைக்காதீர்கள். பார்வையை வெளியே திருப்பும் ஆசையை விட்டுவிட்டு, உள்முகமாக, தாழ்வாக உட்காரும்படி இடத்தை அமையுங்கள். அப்போது அந்தச் சுவரே உங்களுக்குப் பின்னணி ஆகிவிடும்.

இரண்டாவது, ஹெட்ரூம். மாடிப்படி வந்து முடிகிற அந்த அறையின் கிழக்குப் பக்கச் சுவர்தான் உங்கள் மாடியிலேயே விலைமதிப்பான இடம். மதியத்துக்கு மேல் சூரியன் மேற்கே சாயச் சாய, அந்தச் சுவரின் நிழல் கிழக்கே நீளும். கடற்காற்றும் கிழக்கே இருந்துதான் வரும். நாலரை மணிக்கு மற்ற இடமெல்லாம் கால் வைக்க முடியாமல் கொதிக்கும்போது அங்கே மட்டும் உட்காரலாம், ஒரு பைசா செலவில்லாமல். நான் பார்த்த மாடிகளில் பாதிக்குமேல் அந்த இடத்தில் உடைந்த கமோடும், மிச்சம் போன டைல்ஸும், பழைய சைக்கிளும்தான் நிற்கின்றன.

சரி, சாமான்களுக்கு வருவோம். நான் எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்துவிடுவேன்: மாடியிலேயே கிடப்பவை, வந்துபோகிறவை. கிடப்பது கனமாக, அசையாமல், நனைந்தாலும் காய்ந்தாலும் கவலையில்லாமல் இருக்க வேண்டும். வந்துபோவது ஒரு கையில் தூக்குகிற எடையில் இருக்க வேண்டும். அழகும் நிறமும் அதில்தான். பிரச்சினை எப்போதும் நடுவில் இருப்பதால் வருகிறது. அதாவது உள்ளே தூக்கிப் போக முடியாத அளவு பெரிசு, வெளியே விட முடியாத அளவு நாசூக்கு. உங்கள் பிரம்பு சோபா அந்த ரகம்.

கிடப்பவற்றில் முதல் இடம் திண்ணைக்கு. ஹெட்ரூம் சுவரை ஒட்டி எட்டு அல்லது பத்தடி நீளம், 20 அங்குல அகலம், 15 அங்குல உயரத்தில் ஒரு திண்ணை கட்டுங்கள். பழைய வீடுகளில் திண்ணையின் ஒரு ஓரத்தைத் தலையணை போல மேடாகச் சரித்து விட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கடையில் பணம் கொடுத்தாலும் கிடைக்காத டிசைன் அது. கொத்தனாருக்கு அரை நாள் வேலை. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் கட்டிய வீடுகளிலும் இருக்கைகளைச் சுவரோடு சேர்த்தே கட்டியிருப்பார். தனியாக ஒரு சோபா வாங்க வேண்டிய தேவையே அந்த வீடுகளில் குறைவு.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை: செங்கல் வேண்டாம், உள்ளே காற்றுக் குமிழிகள் இருப்பதால் எடை குறைந்த ஏஏசி பிளாக் போதும். மேல் தளத்தில் முன்பக்கம் பார்த்து அரை அங்குலம் வாட்டம் விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு மழைக்கும் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும். திண்ணையின் அடியில் மூன்றடிக்கு ஒரு துவாரம் இருக்கட்டும். மாடித் தண்ணீர் குழாய்க்குப் போகிற வழியை நாம் மறிக்கக் கூடாது. முக்கியமாக, மாடித் தரையில் பதித்திருக்கும் தட்டோட்டைக் கொத்தி அதன்மேல் கட்ட விடாதீர்கள். தட்டோடும் அதன் கீழே இருக்கிற செங்கல் ஜல்லி சுண்ணாம்புக் கலவையும்தான் உங்கள் வீட்டின் குடை. அதில் ஓர் ஓட்டை போட்டால் அடுத்த மழைக்குப் படுக்கையறை சீலிங்கில் பூஞ்சைக் கோலம் வரும்.

திண்ணையின் மேலே எது? கடப்பா கல் என்று எல்லாரும் சொல்வார்கள். மலிவு, உறுதி, எல்லாம் உண்மை. ஆனால் கறுப்பு. மே மாதம் மாலை ஆறரை மணிக்கு அதில் உட்கார்ந்து பாருங்கள், இட்லித் தட்டு போல இருக்கும். எனக்குப் பிடித்தது வெள்ளை உடைசல் டைல்ஸ். டைல்ஸ் கடைகளில் உடைந்த துண்டுகளை மூட்டையாகத் தள்ளிவிடுவார்கள். வெள்ளையை முக்கால், நீலமோ பச்சையோ கால் என்று கலந்து பதித்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும். பார்க்கவும் ஒருவர் வீட்டைப் போல இன்னொருவர் வீடு இருக்காது. ஓரங்கள் மட்டும் கையைக் கிழிக்காமல் தேய்த்துப் பதிக்கச் சொல்லுங்கள். ஆத்தங்குடி டைல்ஸ் கேட்பவர்கள் உண்டு. அது சூளையைப் பார்க்காத டைல். சிமெண்டும் மணலும் வண்ணமும் சேர்த்துக் கண்ணாடித் தகட்டின் மேல் வார்ப்பது. ஆள் நடக்க நடக்க மெருகு ஏறும் என்பது வீட்டுக்குள் சரி. திறந்த வெயிலிலும் மழையிலும் கிடந்தால் நிறம் மங்கிவிடும். ஹெட்ரூமின் உள்ளே படி முடிகிற இடத்தில் நாலு சதுர அடி பதியுங்கள், போதும்.

இப்போது இரும்பு. இதில் நானே பாடம் படித்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கடையில் பவுடர் கோட்டிங் செய்த இரும்பு நாற்காலி ஆறு வாங்கி எங்கள் மாடியிலேயே போட்டேன். அவ்வளவு அழகு. இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் ஒன்றைத் தூக்கினேன், கால் கையோடு வந்தது. வெளியே பெயிண்ட் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. உள்ளே குழாய் முழுக்கத் துரு. அதிலிருந்து கடைக்குப் போனால் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். காலின் அடியில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். பெயிண்ட் உள்ளே போகவே போகாது. குழாயின் உள்பக்கம் சாம்பல் நிறத் துத்தநாகப் பூச்சு இருந்தால் சரி, வெறும் இரும்பு தெரிந்தால் வேண்டாம். அப்புறம் வெல்டிங் மூட்டுகளை நகத்தால் தடவிப் பாருங்கள். புள்ளி புள்ளியாக மட்டும் வெல்டு வைத்து இடைவெளி விட்டிருந்தால் தண்ணீர் நுழையும் வாசல் அது. உட்காரும் பகுதிக்குக் கீழே தண்ணீர் வடிய ஒரு துளையாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் துருப்பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் 202 என்ற கிரேடு. அதைவிட நல்லது 304. ஆனால் கடலோர உப்புக்கு நிற்பது 316. அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ப்பார்கள், உப்பு குத்திக் குழி விழாமல் காப்பது அதுதான். "காந்தம் ஒட்டவில்லை பாருங்க சார்" என்று கடைக்காரர் காட்டுவார். 202லும் காந்தம் சரியாக ஒட்டாது, ஆகவே அந்தச் சோதனையால் எந்தப் பயனும் இல்லை. கிரேடு எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் விஷயம் புரிந்துவிடும். உங்கள் தூரத்துக்கு நாற்காலி முழுக்க 316 தேவையில்லை. அலுமினியச் சட்டம் எடுங்கள், துரு என்ற பேச்சே இல்லை, எடையும் குறைவு. போல்ட்டுகளை மட்டும் 316ல் போட்டு, இரண்டு உலோகமும் நேரே தொடாமல் நடுவில் நைலான் வாஷர் வைக்கச் சொல்லுங்கள். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகம் உரசிக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிக்கும்.

இவ்வளவும் சொன்னாலும், என்னிடம் கேட்டால் நான் போடுவது இதெல்லாம் இல்லை. பழைய ஒயர் நாற்காலிதான். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: கம்பிச் சட்டத்தில் பச்சையும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் ஒயர் பின்னியிருக்கும், எழுந்தால் தொடையில் கோடு கோடாகப் பதிந்திருக்கும். அந்தச் சட்டங்கள் இன்னும் பழைய இரும்புக் கடைகளில் எடைக்குக் கிடக்கின்றன. பல சட்டங்கள் குழாய் அல்ல, முழுக் கம்பி. உள்ளே துருப்பிடிக்க உள்ளே என்று ஒன்றே கிடையாது! நாலு சட்டம் எடுத்து, எமரித் தாளால் வெள்ளையாகும்வரை தேய்த்து, எப்பாக்ஸி பிரைமர் ஒரு கை, மேலே பெயிண்ட் இரண்டு கை அடியுங்கள். ஒயர் கூடை பின்னுகிறவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களிடம் கொடுத்தால் உட்காரும் பகுதிக்கு ஒரு நிறம், முதுகுக்கு ஒரு நிறம் என்று பின்னித் தருவார்கள். ஒயர் இழுவையில்தான் விஷயம் இருக்கிறது. பின்னி முடித்ததும் விரலால் மீட்டினால் டங்கென்று சத்தம் வர வேண்டும். தொளதொளவென்று இருந்தால் ஆறு மாதத்தில் தொட்டில் ஆகிவிடும். காற்று உள்ளே புகுந்து வெளியே வரும், மழை தங்காது, மெத்தை வேண்டாம். வெயிலில் சில வருடத்தில் ஒயர் நொறுங்க ஆரம்பிக்கும். அப்போது நாற்காலியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, ஒயரை மட்டும் வெட்டிவிட்டு வேறு நிறத்தில் பின்னிக்கொள்ளலாம். கடைகளில் இதையே கயிறு நாற்காலி என்று பெரிய விலைக்கு வைத்திருக்கிறார்கள்.

பிரம்பு போல் இருக்கும் செயற்கைப் பின்னல் சோபா வாங்குவதானால், அது எச்டிபிஇயா பிவிசியா என்று கேளுங்கள், இரண்டும் பிளாஸ்டிக் வகைகள். பிவிசி வெயிலில் சீக்கிரம் விறைத்து உடையும். நிஜப் பிரம்பு வீட்டுக்குள் ராஜா, மாடியில் அநாதை. அதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

மரம் என்றால் தேக்கு. புதுத் தேக்கு வாங்கிக் கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். இடித்த வீட்டு மரம் விற்கும் இடங்களில் பழைய கதவுச் சட்டம், உத்தரத் துண்டு கிடைக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போனால் ஒரு நாள் பொழுது போவதே தெரியாது, பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருக்கிறது, அதனால் தாங்குகிறது. வார்னிஷ் அடிக்காதீர்கள்; வெயிலில் செதில் செதிலாக உரியும். அப்படியே விட்டால் ஒரு வருடத்தில் வெள்ளி போலச் சாம்பல் நிறத்துக்கு வரும். அது கெட்டுப்போனதல்ல, எனக்கு அந்த நிறம்தான் பிடிக்கும். சாப்பாட்டு மேசைக்குப் பழைய தையல் மெஷின் காலை எடுத்து மேலே ஒரு தேக்குப் பலகை போடுங்கள். வார்ப்பிரும்பு என்பதால் காற்றுக்கு அசையாது. கண்ணாடி மேசை மட்டும் வேண்டவே வேண்டாம்.

காற்று என்றதும் நிழல்குடை ஞாபகம் வருகிறது. 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்று, நான் ஒரு வீட்டில் போட்டுக் கொடுத்த பெரிய குடை மூன்று வீடு தாண்டித் தண்ணீர்த் தொட்டி மேல் குத்தி நின்றது. யாருக்கும் அடிபடவில்லை என்பது அதிர்ஷ்டம். அன்றோடு குடையை விட்டுவிட்டேன். நிழலுக்கு, ஹெட்ரூம் சுவரில் ஒரு பக்கமும், எதிரே தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளைச் சுற்றிக் கட்டிய இரண்டு சின்னத் தூண்களில் மறுபக்கமுமாக இரும்புச் சட்டம் வைத்து, கழற்றி மாட்டும்படி நிழல் வலை போடுங்கள். அடுத்த மாடி கட்டும்போது பயன்படும் என்று விட்ட அந்தக் கம்பிகள் துருப்பிடிக்காமல் இருக்கவும் இது வழி. வெயிலில் 75 சதவீதத்தை மறைக்கிற வலை போதும். நிறம் வெள்ளையோ மணல் நிறமோ எடுங்கள். பச்சை வலைக்குக் கீழே உட்கார்ந்தால் எல்லார் முகமும் மஞ்சள் காமாலை வந்தவர் போலத் தெரியும், சாம்பாரும் நிறம் மாறிவிடும். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சென்னையில் சூரியன் நடுப்பகலில் நேர் உச்சிக்கு வந்துவிடுவதால், பக்கத் தட்டியை மட்டும் நம்ப முடியாது, மேலே மறைப்பு வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் வலையைக் கழற்றுவது பத்து நிமிட வேலையாக இருக்கட்டும். கீற்றுப் பந்தல் அழகுதான், ஆனால் தீபாவளி ராக்கெட் எங்கே இறங்கும் என்று யார் கண்டார்?

ஊஞ்சலும் வைத்திருந்ததாகச் சொன்னீர்கள். கூண்டு ஊஞ்சலை விடுங்கள். அதன் ஒற்றைக் கால்தான் எப்போதும் முதலில் போகும். பலகை ஊஞ்சல் போடலாம், ஆனால் சன்ஷேடிலோ நிழல் வலைச் சட்டத்திலோ மாட்டக் கூடாது. நாலு பேர் உட்கார்ந்தால் 300 கிலோ. வீசி ஆடும்போது சங்கிலியில் இழுவை இரண்டு மடங்கு வரை போகும். ஹெட்ரூமின் கான்கிரீட் பீமில், பொறியாளர் பார்த்து ஒப்புக்கொண்டால் மட்டும் மாட்டுங்கள். பீம் இல்லையென்றால் ஊஞ்சல் இல்லை.

எடை பற்றி இன்னொரு வார்த்தை. ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 சொல்கிற கூடுதல் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஓரடி ஆழத்துக்கு ஈர மண் நிரப்பினால் ஒரு சதுர மீட்டருக்கே 500 கிலோவைத் தொடும். ஆகவே நடு மாடியில் கட்டுத் தொட்டி வேண்டாம். கீழே தூணோ பீமோ ஓடுகிற வரிசையில் தொட்டிகளை வையுங்கள்; மண்ணைக் குறைத்துத் தென்னை நார்க் கழிவைக் கூட்டுங்கள். அலங்காரம் என்று பார்த்தால் மானாமதுரை மண்பானை இரண்டு மூன்று, வெவ்வேறு உயரத்தில், சங்குப்பூக் கொடியோடு வைத்தால் போதும். பாட்டி வீட்டு உரலில் தண்ணீர் விட்டுப் பூ மிதக்க விடுவது இப்போது பரவலாகிவிட்டது. நானும் செய்கிறேன், ஆனால் கொசு வளர ஒரு வாரம் போதும் என்பதால் இரண்டு நாளுக்கு ஒருமுறை கவிழ்த்துவிடுவேன். உரலைக் கவிழ்க்க முடியாது என்பீர்கள்; சொம்பால் மொண்டு ஊற்றத்தான் வேண்டும்.

வந்துபோகிறவை பட்டியல் சின்னது. ஒரு பவானி ஜமக்காளம், இரண்டு கோரைப் பாய், நாலு திண்டு, ஒரு மடக்குக் கட்டில். சாயங்காலம் தரையில் தண்ணீர் தெளித்து, சூடு ஆவியாகிப் போனபின் ஜமக்காளத்தைத் திண்ணைக்கு முன்னால் விரித்தால் மாடி நிறம் மாறிவிடும். எழுந்து போகும்போது சுருட்டி ஹெட்ரூமுக்குள். அங்கே இதற்கென்று மூடி வைத்த ஒரு பெட்டி இருந்தால், "யார் தூக்கிக்கொண்டு போவது" என்ற சண்டை வராது. வெளியிலேயே கிடக்கும்படி மெத்தை தைக்காதீர்கள். ஸ்பான்ஜ் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

விளக்கைத் தாழ்வாக வையுங்கள், திண்ணையின் அடியில் ஓடுகிற ஒரு வரியும் சுவரில் இரண்டும். 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் எடுத்தால் பூச்சியும் குறைவாக வரும். தூசும் தண்ணீரும் உள்ளே புகாது என்பதற்கான ஐபி 65 குறி போட்ட விளக்குதான் மழைக்கு நிற்கும். அந்த லைனில் கட்டாயம், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று இருக்கட்டும்.

செலவில் பாதியை நிழலுக்கும் திண்ணைக்கும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் நாற்காலிக்கு வாருங்கள். கொத்தனார் வேலையைப் பொங்கல் முடிந்து ஆரம்பித்தால் சிமெண்டைக் கெடுக்க மழை வராது, வெயிலும் அவ்வளவு ஏறியிருக்காது. காலையும் மாலையும் நீங்களே மேலே போய்த் தண்ணீர் பிடித்துத் திண்ணையை நனைத்துவிடுங்கள், ஆளை நம்பாதீர்கள். ஒயர் நிறத்தை மட்டும் இப்போதே முடிவு செய்ய வேண்டாம். திண்ணையில் உடைசல் டைல்ஸ் பதித்து முடிந்தபின் இரண்டு மூன்று கட்டு ஒயரைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்து, சாயங்காலம் ஐந்து மணி வெயிலில் ஒருமுறையும் விளக்கு போட்டபின் ஒருமுறையும் பார்த்துவிட்டுப் பின்னக் கொடுங்கள்.